ஓவேர் தேவாலயம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வான்கோவின் ‘ஓவேர் தேவாலயம்’ ஓவியத்தை இணையத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். கூரையும் சுவரும் நெளிகின்றன, வானம் இரவு மாதிரி இருண்டிருக்கிறது. மனநோயின் உச்சத்தில் வரைந்ததால்தான் இப்படி ஆனதா? வாசலே இல்லாததற்கும் ஏதோ காரணம் சொல்கிறார்களே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில், அது இரவு இல்லை. படத்தின் கீழ்ப்பாதியைப் பாருங்கள். புல் வெயிலில் பளிச்சென்று கிடக்கிறது, பாதையின் மணல் இளஞ்சிவப்பாக இருக்கிறது. தேவாலயம் மட்டும்தான் நிழலில் நிற்கிறது. நல்ல பகலில் வானத்துக்கு அவ்வளவு அடர்ந்த நீலத்தைப் பூசியது தெரிந்தே செய்த வேலை.

1890 ஜூனில் தங்கை வில்லெமினுக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார்: கட்டடம் ஊதா, வானம் கலப்பில்லாத கோபால்ட் நீலம், சன்னல் கண்ணாடிகள் அல்ட்ராமரீன் என்கிற அடர்நீலத் திட்டுகள், கூரையில் ஊதாவோடு கொஞ்சம் ஆரஞ்சு. மளிகைப் பட்டியல் தோற்றது! நெதர்லாந்தில் நூனென் கிராமத்தில் தான் வரைந்த பழைய கோபுரம் மாதிரிதான் இதுவும், நிறம்தான் இப்போது செழித்திருக்கிறது என்றும் எழுதுகிறார். அந்த 1885 கோபுரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மண்ணும் சாம்பலுமான நிறங்கள். நடுவில் அவர் வாழ்ந்த பாரிஸும் தெற்கு பிரான்ஸின் ஆர்ல் நகரமும் என்ன செய்தன என்பது புரிந்துவிடும்.

நோய் இருந்தது உண்மை. சான் ரெமி மனநல விடுதியில் ஒரு வருடம் இருந்துவிட்டு மே மாதம்தான் பாரிஸுக்குப் பக்கத்துக் கிராமமான ஓவேருக்கு வந்தார், ஜூலையில் இறந்தும் போனார். ஆனால் நோய் முற்றிய நாட்களில் பெரும்பாலும் அவரால் வேலை செய்ய முடிந்ததில்லை. வரைந்ததில் பெரும்பகுதி தெளிந்த நாட்களில். நெளிவு என்கிறீர்களே, அந்தக் கோடுகளைக் கிட்டத்தில் பாருங்கள். கூரையின் விளிம்பில் தடித்த கருநீலக் கோடு தொய்ந்து போகிறது. பாதையில் தனித்தனிக் குட்டைத் தீற்றல்கள், எல்லாம் பாதை போகும் திசையிலேயே. ஆனால் கோபுரமும் சன்னல்களும் அதனதன் இடத்தில்தான் இருக்கின்றன. ஓவேரில் அந்த இடத்திலேயே ஓவியத்தின் நகலைப் பலகையாக வைத்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் ஒப்பிடலாம்.

அப்புறம் அந்த வாசல். அப்பா பாதிரியார், மகனுக்கு மதத்தோடு பிணக்கு, அதனால் கதவை அடைத்துவிட்டார் என்று ஒரு கதை ஓடுகிறது. எனக்கு அது ருசிக்கவில்லை. அவர் நின்று வரைந்தது பலிபீடம் இருக்கும் பின்பக்கத்தை. அந்தப் பக்கத்தில் வாசலை யார் வைப்பார்கள்?