புள்ளியை விடுங்கள், விநாடியை எண்ணுங்கள்

கேள்வி: எங்கள் அபார்ட்மென்ட் ஆண்டு விழாவில் டம்ப் ஷராட்ஸ் (ஒருவர் வாய் திறக்காமல் நடிக்க, மற்றவர்கள் கண்டுபிடிக்கும் ஆட்டம்) நடத்தும் பொறுப்பு என் தலையில். போன வருடம் எல்லாமே சினிமாப் பெயர். பாதியிலேயே கூட்டம் போனை நோண்ட ஆரம்பித்துவிட்டது. அமெரிக்காவில் ‘பான்டமைம் க்விஸ்’ என்று பழைய டிவி நிகழ்ச்சி இருந்ததாமே, அந்த முறையில் நடத்த முடியுமா?

பதில்: தாராளமாக. 1947-ல் லாஸ் ஏஞ்சலிஸில் மைக் ஸ்டோக்கி தொடங்கிய நிகழ்ச்சி அது. 1949-ல் நடந்த முதல் எம்மி (அமெரிக்க டிவி விருது) விழாவிலேயே ‘மிகப் பிரபலமான நிகழ்ச்சி’ விருதை வாங்கிவிட்டது. அதன்பின் சேனல் சேனலாக மாறி, 1959 வரை ஓடியது.

அணிக்கு நான்கு பேர். ஒருவர் நடிக்க, மூவர் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வாசகத்துக்கு இரண்டு நிமிடம். இதுவரை நீங்கள் செய்ததுதான். வித்தியாசம் மதிப்பெண்ணில் இருக்கிறது: சரியான விடைக்கு ஒரு புள்ளி என்ற பேச்சே கிடையாது. எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டி, குறைவான நேரம் யாருக்கோ அவருக்கே வெற்றி.

நீங்கள் ஐந்து சுற்று வைப்பதாகக் கொள்வோம். முதல் அணி நான்கு வாசகங்களை 20, 25, 15, 20 விநாடிகளில் சொல்லிவிட்டு ஐந்தாவதில் கோட்டை விடுகிறது. அதற்கு முழு 120 விநாடி ஏறும், மொத்தம் 200. எதிரணி நிதானமாக ஒவ்வொன்றுக்கும் 35 எடுத்தாலும் 175-தான். ஆக, கடைசி வாசகம் வரை யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாது. எவ்வளவு இழுத்தாலும் ஆட்டம் 20 நிமிடம்தான்.

அடுத்தது, வாசகங்கள். அந்த நிகழ்ச்சிக்கு நேயர்களே எழுதி அனுப்பினார்கள். அதில் ஆடிய நட்சத்திரங்களைத் திணறடித்தால் அனுப்பியவருக்குப் பரிசு. நீங்களும் நுழைவாயிலில் ஒரு டப்பா வையுங்கள். ‘நாம எழுதினது வருமா?’ என்று காத்திருப்பவர் போனை எடுக்க மாட்டார். சினிமாப் பெயர் வேண்டாம், பழமொழி கேளுங்கள்.

‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ வந்தால் பாருங்கள் வேடிக்கையை. நடிப்பவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இல்லாத இலையை விரித்துத் தண்ணீர் தெளிப்பார். ‘சாப்பாடு! கல்யாணம்! அமாவாசை!’ என்று மூன்று பேரும் கத்துவார்கள். இரு பக்கமும் கையால் வரிசை காட்டினால் ‘பந்தி’ வரும். ‘முந்து’ வரவில்லையா? காதைத் தொட்டுவிட்டு, பந்து வீசிக் காட்டலாம். காதைத் தொட்டால் ‘இதே ஓசையில் வேறு சொல்’ என்று அர்த்தம். பள்ளியில் படித்த எதுகை இங்கேதான் உதவுகிறது!

‘பந்திக்கு’ என்பதில் வரும் ‘கு’ போன்ற வேற்றுமை உருபுகளுக்கு நடிக்கச் சொல்லி வதைக்காதீர்கள். பந்தி என்றதும் தலையாட்டிவிடலாம். ஆனால் முழு வாசகமும் ஒரே மூச்சில் வந்தால்தான் கடிகாரம் நிற்க வேண்டும்.

அந்தக் கடிகாரத்தை எந்த அணியிலும் உறவுக்காரர் இல்லாத ஒருவரிடம் கொடுங்கள். அபார்ட்மென்டில் அப்படி ஒருவர் கிடைப்பது சிரமம்தான். கிடைக்காவிட்டால் செக்ரட்டரி தலையில் கட்டிவிடுங்கள். எப்படியும் எல்லோரும் திட்டப் பழகியவர்.