ஜப்பானும் பிரேசிலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஜப்பானுக்கு வெளியே ஜப்பானிய வம்சாவளியினர் மிக அதிகமாக வாழும் நாடு பிரேசில் என்கிறார்கள். பூமியின் மறுபக்கத்தில் இருக்கும் ஒரு நாட்டுக்கு அவர்கள் ஏன் போனார்கள்?

பதில்: காப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. பிரேசில் 1888-இல் அடிமை முறையை ஒழித்த காலத்தையொட்டி, சாவ் பாவ்லோ மாநிலத் தோட்ட முதலாளிகள் அரசு மானியத்தில் கப்பல் கட்டணம் கொடுத்து, இத்தாலியிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தொழிலாளர்களை வரவழைத்தார்கள். தோட்டங்களில் அவர்கள் நடத்தப்பட்ட விதம் குறித்துப் புகார்கள் பெருகியதால், இத்தாலி 1902-இல் அந்த மானியக் குடியேற்றத்துக்குத் தடை விதித்தது. ஜப்பானிலோ கிராமப்புற வறுமையுடன் 1904–05 ரஷ்யப் போரின் வரிச்சுமையும் சேர்ந்திருந்தது. அதுவரை ஜப்பானியர்கள் வேலை தேடிச் சென்ற அமெரிக்காவும், 1907–08-இல் செய்துகொண்ட உடன்பாட்டின் வழியாகத் தொழிலாளர் வருகையை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. 1895-இல் பாரிசில் கையெழுத்தான நட்புறவு, வணிகம், கப்பல் போக்குவரத்து உடன்படிக்கை முன்பே நடைமுறையில் இருந்ததால், இரு அரசுகளும் புதிதாகப் பேசித் தீர்க்க வேண்டியவை அதிகமில்லை.

1908 ஏப்ரல் 28 அன்று கோபேயிலிருந்து புறப்பட்ட கசாட்டோ மாரு கப்பல், ஒப்பந்தத் தொழிலாளர்கள் 781 பேருடன் ஜூன் 18 அன்று சாண்டோஸ் துறைமுகத்தை அடைந்தது. குடும்பமாக வருவோரையே தோட்ட முதலாளிகள் ஏற்றார்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் உழைக்கக்கூடியவர் குறைந்தது மூவர் இருக்க வேண்டும். ஆகவே உறவே இல்லாதவர்களும் பதிவேட்டில் கணவன் மனைவியாகவும் சகோதரர்களாகவும் மாறிக் கப்பலேறினார்கள். சில ஆண்டுகளில் பணம் சேர்த்துத் திரும்பிவிடலாம் என்று வந்தவர்களுக்கு, அந்த ஆண்டு விளைச்சலும் மோசமாக இருந்ததால், தோட்டக் கடையில் ஏறிய கடனே மிஞ்சியது. பலர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறினார்கள். பிற்காலத்தில் பலரும் சொந்த நிலம் வாங்கிப் பருத்தியும் காய்கறிகளும் பயிரிட்டார்கள். அமேசான் பகுதியின் டொமே அசுவில் மிளகு பயிரிட்டுப் பெயர் பெற்றவர்களும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் பிரேசிலுக்குச் சென்ற ஜப்பானியர்கள் ஏறத்தாழ 1,90,000 பேர்.

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் இரு நாடுகளும் எதிரெதிர் அணியில் இருந்தனவே, அங்கிருந்த ஜப்பானியர்கள் என்ன ஆனார்கள்?

பதில்: பகைமை போருக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1934-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, ஒவ்வொரு நாட்டவரும் முந்தைய 50 ஆண்டுகளில் குடியேறிய மொத்த எண்ணிக்கையில் 2 சதவீதம் பேரை மட்டுமே ஆண்டுதோறும் அனுமதித்தது. எந்த நாட்டின் பெயரும் அதில் இல்லையென்றாலும், அண்மைக் காலத்தில் பெருமளவில் வரத் தொடங்கிய ஜப்பானியர்களையே அந்த விதி அதிகமாகப் பாதிக்கும் என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரியும். பின்னர் ஜப்பானிய மொழிப் பள்ளிகளும் நாளிதழ்களும் மூடப்பட்டன. 1942 ஜனவரியில் பிரேசில் தூதரக உறவை முறித்தது. 1943 ஜூலையில் சாண்டோஸ் நகர ஜப்பானியர்கள் 24 மணி நேரத்துக்குள் கடற்கரைப் பகுதியை விட்டு வெளியேறும்படி உத்தரவிடப்பட்டார்கள்.

போர் முடிந்த பிறகு நேர்ந்தது இன்னும் துயரமானது. தாய்மொழிச் செய்திக்கு வழியில்லாமல் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஜப்பான் தோற்றது என்பதை நம்பவில்லை. தோல்வியை ஒப்புக்கொண்டவர்களைத் துரோகிகளாகக் கருதிய ஷிண்டோ ரென்மெய் என்ற அமைப்பினர் 1946-இல் தாக்குதல்களில் இறங்கினர். குறைந்தது 23 பேர் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைகளுக்கு அவர்களே பொறுப்பு. ஆயினும், ஒரு சமூகத்தின் செய்தித்தாள்களை மூடிவிட்டு வதந்தியை மட்டும் திறந்துவைத்த அரசுக்கும் அதில் பங்குண்டு என்பது என் கருத்து. அக்காலத்து அடக்குமுறைக்காகப் பிரேசில் அரசின் பொது மன்னிப்பு ஆணையம் 2024 ஜூலையில் ஜப்பானியச் சமூகத்திடம் முறைப்படி மன்னிப்புக் கோரியது.

கேள்வி: வணிகத்தில் யாருக்கு யார் தேவை?

பதில்: போருக்குப் பிந்தைய ஜப்பானிய எஃகுத் தொழிலுக்கு இரும்புத் தாது தேவைப்பட்டது, 1962-இல் ஜப்பானிய ஆலைகள் பிரேசிலின் அரசுச் சுரங்க நிறுவனத்துடன் (இன்றைய வாலே) நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தம் செய்தன. அந்த உறுதியின் பலத்தில்தான், பெரிய கப்பல்கள் வந்து நிற்கக்கூடிய டுபராவ் துறைமுகம் கட்டப்பட்டு 1966-இல் திறக்கப்பட்டது. தூரம் ஏற்படுத்திய செலவைக் கப்பலின் அளவு சமன் செய்தது எனலாம். 1973-இல் அமெரிக்கா சோயா ஏற்றுமதியைத் திடீரென நிறுத்தியபோது பதறிய ஜப்பான், அடுத்த ஆண்டே பிரதமர் தனாகாவின் பயணத்தின்போது பிரேசிலுடன் வேளாண் ஒத்துழைப்புக்கு அடித்தளமிட்டது. 1979-இல் தொடங்கிய கூட்டுத் திட்டம், அமிலத்தன்மை மிகுந்த செராடோ புல்வெளி நிலத்தைச் சுண்ணாம்பிட்டுச் சோயா விளையும் மண்ணாக மாற்ற உதவியது. ஜப்பானின் கவலையில் பிறந்த அந்தச் சோயாவை இன்று மிக அதிகமாக வாங்குவது சீனா! செராடோவின் இயற்கைத் தாவரங்கள் பெருமளவில் அழிந்ததையும் இந்தக் கணக்கில் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கேள்வி: பிறகு பிரேசிலியர்கள் ஜப்பானுக்கு வேலைக்குப் போனது எப்படி?

பதில்: 1980-களின் இறுதியில் பிரேசிலில் பணவீக்கம் கட்டுக்கடங்காமல் ஏறியது, ஜப்பானியத் தொழிற்சாலைகளோ ஆள் கிடைக்காமல் திணறின. வெளிநாட்டுக் கூலியாட்களை வெளிப்படையாக அழைக்க விரும்பாத ஜப்பான், 1990 ஜூனில் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத் திருத்தத்தின் மூலம், ஜப்பானிய வம்சாவளியினருக்கு மூன்றாம் தலைமுறை வரை, வேலைக் கட்டுப்பாடு இல்லாத வசிப்பு உரிமை வழங்கியது. முகம் ஒத்திருந்தால் வாழ்க்கையும் ஒத்துப்போகும் என்று அதிகாரிகள் எண்ணினார்கள் போலும். போர்த்துகீசியம் பேசி வளர்ந்த அந்த மக்கள் ஹமாமட்சு, ஒய்சுமி போன்ற தொழில் நகரங்களில், பெரும்பாலும் தரகு நிறுவனங்களின் வழியாக, வாகன உதிரிபாக ஆலைகளில் வேலை செய்தார்கள். 2007-இல் அவர்களின் எண்ணிக்கை 3 லட்சத்தைத் தாண்டியது.

2008 நிதி நெருக்கடியில் முதலில் வேலை இழந்தவர்களும் அவர்களே. மறு ஆண்டு ஜப்பான் அரசு ஊர் திரும்ப உதவித்தொகை அறிவித்தது: தொழிலாளிக்கு 3 லட்சம் யென், சார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் 2 லட்சம் யென். பெற்றுக்கொண்டவர்கள் அதே வசிப்பு உரிமையில் மீண்டும் வரக் கூடாது என்பது நிபந்தனை. சுமார் 20,000 பிரேசிலியர்கள் அதை ஏற்றுப் புறப்பட்டார்கள். அந்தத் தடை 2013-இல்தான் தளர்த்தப்பட்டது. உறவினர் என்று அழைத்து, உபரி என்று அனுப்பிய அந்த முடிவை ‘உதவி’ என்று எழுத என்னால் இயலவில்லை.

கேள்வி: இப்போது நிலைமை எப்படி?

பதில்: இரு நாட்டிலும் ஓய்வூதியத்துக்குச் செலுத்திய காலத்தைச் சேர்த்துக் கணக்கிட வழிசெய்யும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2012 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது, வேலைக்காக வந்துபோகும் குடும்பங்களுக்கு, தலைவர்களின் பயணங்களைவிட இதுவே பெரிய பலன். 2023 செப்டம்பர் 30 முதல் இரு நாட்டவரும் 90 நாள் வரையிலான குறுகிய காலப் பயணத்துக்கு விசா இல்லாமல் சென்றுவரலாம். நான்காம் தலைமுறையினருக்கு ஜப்பான் 2018-இல் தனி விசா ஒன்றைத் தொடங்கி, ஆண்டுக்கு 4,000 பேர் என உச்சவரம்பும் வைத்தது. ஆனால் வயது வரம்பு, மொழித் தேர்வு, குடும்பத்தை அழைத்துவர இயலாமை ஆகியவற்றால் அந்த எண்ணிக்கையை நெருங்கும் அளவுக்குக்கூட யாரும் வரவில்லை. 2023 இறுதியில் விதிகளைச் சற்றுத் தளர்த்தி, வயது வரம்பை 35 ஆக உயர்த்தியிருக்கிறார்கள்.