திருட்டுக்குப் பின்னால் வரும் செலவு

கேள்வி: சிறு நிறுவனம் ஒன்றை நடத்துகிறேன். இணையக் குற்றங்களால் ஏற்படும் இழப்பு ஆண்டுதோறும் பெருகுவதாகச் செய்திகள் சொல்கின்றன. பறிபோகும் பணத்தை மட்டும்தான் இழப்பாகக் கணக்கிடுகிறார்களா?

பதில்: புகார்க் கணக்கில் பெரும்பாலும் அதுவே இடம்பெறுகிறது. அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.க்கு வந்த புகார்களின்படி, 2019இல் சுமார் 350 கோடி டாலராக இருந்த இழப்பு, 2024இல் சுமார் 1,660 கோடி டாலராக உயர்ந்தது. வெட்கத்தாலும் நற்பெயர் கெடுமென்ற அச்சத்தாலும் வெளியே சொல்லாதவர்களின் இழப்பு இதில் சேரவில்லை. வாழ்நாள் சேமிப்பை இழந்தும் பிள்ளைகளிடம்கூடச் சொல்லத் தயங்கும் முதியவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

நிறுவனங்களுக்கோ, வேலை முடங்குவதால் வரும் நட்டமே பல நேரங்களில் பெரிது. 2017 ஜூனில் நாட்பெட்யா என்னும், கணினிகளை முடக்கும் தீநிரல் பரவியபோது, மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலிருந்து எவரும் பணம் எடுக்கவில்லை. ஆயினும் சரக்குப் போக்குவரத்து தடைப்பட்டு, சுமார் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் மறுபடி அமைக்க நேர்ந்ததால், இழப்பு 25 முதல் 30 கோடி டாலர் வரை சென்றது.

சிறு நிறுவனங்கள் எளிதில் ஏமாறுவது, வழக்கமாகச் சரக்கு தருபவரின் பெயரில் “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று வரும் மின்னஞ்சலில்தான். அதிலுள்ள தொலைபேசி எண்ணை நம்பாமல், உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் அவரை அழைத்து உறுதி செய்யுங்கள். பணம் போய்விட்டதென்று தெரிந்தால் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். அது அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் சொன்னால் மீட்க ஓரளவு வாய்ப்புண்டு.