அனுப்பும் முன்பே போய்ச் சேர்ந்த கடிதம்

கேள்வி: என்னிடம் ஒரு பழைய தபால் உறை இருக்கிறது. முன்பக்கம் பெர்லின் முத்திரை, 14 மார்ச் 1895. பின்பக்கம் ரஷ்ய எழுத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் முத்திரை, 4 மார்ச் 1895. அனுப்புவதற்குப் பத்து நாள் முன்பே போய்ச் சேர்ந்திருக்கிறதே, போலியா? நடுவில் எந்த ஊர் முத்திரையும் இல்லை. எந்த வழியாகப் போயிருக்கும்?

பதில்: இந்தத் தேதிகளை வைத்து அதைப் போலி என்று ஒதுக்க முடியாது. இரண்டு முத்திரைகளும் ஆளுக்கொரு காலண்டரைப் பார்த்துக்கொண்டு உண்மையைத்தான் சொல்கின்றன. ரஷ்யா அப்போது ஜூலியன் என்ற பழைய நாட்காட்டியில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அது நாம் இன்று பயன்படுத்தும் நாட்காட்டிக்கு 12 நாள் பின்தங்கி ஓடியது. 4உடன் 12ஐக் கூட்டுங்கள், மார்ச் 16 வரும். ரயிலில் இரண்டே நாளில் போய்விட்டது, நல்ல வேகம்தான். 1900 மார்ச்சுக்கு அப்புறம் வந்த ரஷ்ய முத்திரை என்றால் 13 கூட்ட வேண்டும். 1918இல் ஜனவரி 31க்கு மறுநாளை பிப்ரவரி 14 என்று ஆக்கி, அவர்களே இந்தத் தலைவலியை முடித்து வைத்தார்கள்.

சரி, நடுவில் ஏன் முத்திரை இல்லை? நான் தபாலில் சார்ட்டிங், அதாவது கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலை பார்த்தவன், இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. தூரத்து ஊருக்குப் போகும் கடிதங்களை மொத்தமாக ஒரு பையில் போட்டு, வாயைக் கட்டி, அரக்கு வைத்துவிடுவார்கள். அந்தப் பை சேர வேண்டிய ஊரில்தான் பிரியும். வழியில் எத்தனை ஸ்டேஷன் வந்தாலும், எல்லையே கடந்தாலும், கை மாறுவது பைதான். உள்ளே இருக்கும் கடிதத்தை யாரும் தொடுவதில்லை. அதனால் முத்திரையை நம்பி வழி தேடுகிறவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: கடிதம் எந்தெந்த இடத்தில் கையில் எடுக்கப்பட்டது என்பதைத்தான் முத்திரை சொல்லும். கடந்து போன ஊர்களை நாம்தான் அந்தக் கால ரயில் வரைபடத்திலும் கால அட்டவணையிலும் தேட வேண்டும். உங்கள் உறை பெரும்பாலும் கோனிக்ஸ்பெர்க் (இன்றைய கலினின்கிராட்) வழியாக ஐட்கூனன் என்ற ஜெர்மன் எல்லை ஊருக்குப் போயிருக்கும். அதைத் தாண்டினால் ரஷ்யாவின் அகலப் பாதை, தண்டவாள அளவே வேறு. பையை வேறு ரயிலுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். அப்புறம் வில்னா (இன்றைய வில்னியஸ்), பிறகு பீட்டர்ஸ்பர்க்.

பெர்லின் முத்திரையை லென்ஸ் வைத்துப் பாருங்கள், மணியும் இருக்கலாம். பக்கத்தில் ‘வி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் முற்பகல், ‘என்’ இருந்தால் பிற்பகல். அது தெரிந்தால் எந்த ரயிலைப் பிடித்திருக்கும் என்று அட்டவணையில் தேடலாம். ஆனால் ஒரு நாள் இடித்தால் பதறாதீர்கள். காலையில் தேதி அச்சை மாற்ற மறந்து, நேற்றைய தேதியையே குத்துவது எந்த நாட்டுத் தபாலுக்கும் புதிதல்ல.

இத்தனைக்கும் இந்தத் தேதி முத்திரை பிறந்ததே தாமதத்தைப் பிடிக்கத்தான். 1661இல் இங்கிலாந்துத் தபால் தலைவர் ஹென்றி பிஷப், கடிதங்கள் தாமதமாகின்றன என்ற புகார் தாங்காமல் கொண்டுவந்த ஏற்பாடு அது. சின்ன வட்டம், அதில் மாதமும் நாளும் மட்டும். வருடமும் கிடையாது, ஊர்ப்பெயரும் கிடையாது. அதை வைத்துக்கொண்டு வழி தேடுகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

கேள்வி: பிரிட்டிஷ் தபால்தலை ஒட்டிய உறையில் எகிப்தின் போர்ட் சையது முத்திரை குத்தியிருக்கிறது. எப்படி?

பதில்: கப்பலில் போட்ட கடிதமாக இருக்கும். நடுக்கடலில் எழுதிப் போடும் கடிதத்துக்கு, கப்பல் எந்த நாட்டுக் கொடியோடு ஓடுகிறதோ அந்த நாட்டுத் தபால்தலையை ஒட்டலாம் என்பது சர்வதேசத் தபால் ஒன்றியத்தின் விதி. அடுத்த துறைமுகத்தில் பையை இறக்கியதும் அந்த ஊர்த் தபாலகம் தன் முத்திரையைக் குத்தும். கப்பலில் போட்ட கடிதம் என்பதைக் காட்ட ‘பாக்கெபோ’ (Paquebot) என்று பிரெஞ்சில் ஒரு முத்திரை கூடவே இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் முத்திரையில் இருப்பது கடிதம் இறங்கிய துறைமுகம்தான். எழுதியவர் எங்கே கப்பல் ஏறினார் என்பதற்கு உள்ளே இருக்கும் கடிதத்தைத்தான் படிக்க வேண்டும்.

கேள்வி: முத்திரை மங்கிவிட்டது. தபால்தலையை நனைத்து எடுத்தால் தெளிவாகத் தெரியுமா?

பதில்: தயவுசெய்து நனைக்காதீர்கள். முத்திரையின் பாதி வட்டம் தபால்தலை மேலும் மீதி உறை மேலும் விழுந்திருக்கும். பிரித்துவிட்டால் இரண்டு பாதியும் வீண். மை கரைந்துவிடும் ஆபத்து வேறு. இருட்டறையில் டார்ச்சை உறைக்குப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள், குத்திய அழுத்தத்தின் பள்ளம் நிழலாகத் தெரியலாம். போனில் படமெடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்டைக் கூட்டிப் பாருங்கள். கிடைத்த எழுத்தைத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உறையின் மேல் பேனா, பென்சில் எதுவும் படக்கூடாது.