லைஃப் ஜாக்கெட்டைத் திறந்து பாருங்கள்

கேள்வி: நண்பரின் 38 அடி பாய்மரப் படகில் ஐந்து பேர் மலேசியாவின் லங்காவியிலிருந்து தாய்லாந்தின் புக்கெட்டுக்குக் கிளம்புகிறோம். படகின் தலைவர், அதாவது ஸ்கிப்பர் பொறுப்பு எனக்கு. தானாக உப்பும் லைஃப் ஜாக்கெட்டுகள் ஐந்தையும் தரகர் ஒருவர் சர்வீஸ் செய்து, ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார். அது போதுமா? சோதித்துப் பார்த்தால் சிலிண்டர் வீணாகிவிடாதா?

பதில்: போதாது. சிலிண்டரைச் செலவழிக்காமலே எல்லாவற்றையும் சோதிக்கலாம். கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வேண்டும். கிளம்புவதற்கு முந்தின இரவு உட்காராதீர்கள். கோளாறு தெரிந்தால் உதிரிப்பாகம் வாங்க நாள் வேண்டும்.

உறையைப் பிரித்தால் உள்ளே மடித்த காற்றுப்பை, அதை ஒட்டி ட்ரிக்கர் (தண்ணீரில் விழுந்ததும் சிலிண்டரைத் துளைத்துப் பையை உப்ப வைக்கும் கருவி), அதில் திருகிய சிலிண்டர் தெரியும். முதலில் சிலிண்டரைக் கழற்றுங்கள். வாய்ப்பக்க மூடியில் ஊசித் துளை இருந்தால் அது ஏற்கெனவே வெடித்துத் தீர்ந்த குப்பி. துளை இல்லையென்றால் எடை போடுங்கள். 150 நியூட்டன் மிதப்பு விசை கொண்ட ஜாக்கெட்டில் பெரும்பாலும் 33 கிராம் கார்பன் டை ஆக்சைடு இருக்கும். ஆனால் தராசில் பார்க்க வேண்டியது அந்த 33 அல்ல, குப்பியின் உடலில் பொறித்திருக்கும் மொத்த எடை. அதைவிட 2 கிராமுக்கு மேல் குறைந்தால் தூக்கிப் போடுங்கள். துருவேறியதையும் சேர்த்துத்தான்: வாயு முழுதாக இருந்தாலும் அந்தத் துரு காற்றுப்பையை உரசி ஓட்டை போட்டுவிடும்.

அடுத்து ட்ரிக்கரில் இருக்கும் கார்ட்ரிட்ஜ். உள்ளே, நனைந்தால் இளகும் ஒரு பொருள் ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கிறது. அது இளகியதும் ஊசி பாய்ந்து குப்பியைத் துளைக்கும். யு.எம்.எல். என்ற நிறுவனத்தின் வகையில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதத்திலிருந்து 3 ஆண்டுதான் ஆயுள். நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து அல்ல. பாக்கெட் பிரிக்காமல் கடையில் கிடந்தாலும் வயது ஓடிக்கொண்டுதான் இருக்கும். பழைய சரக்கைத் தள்ளிவிடுவதற்கு வசதியான இடம் இது. “புது பாக்கெட் சார், பிரிக்கவே இல்லை” என்பார்கள். மாதத்தைப் படியுங்கள்.

தரகரிடம் கொடுத்தால் கழற்றிய பழைய குப்பியையும் கார்ட்ரிட்ஜையும் திருப்பிக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் எதையும் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேல்துணியைக் கழுவி, ஸ்டிக்கர் ஒட்டி, பில் போடுவதுதான் பல இடங்களில் ‘சர்வீஸ்’. பரிசோதனைக்கு வருபவர்களும் ஆளுக்கு ஒன்று இருக்கிறதா என்று தலை எண்ணிவிட்டுப் போகிறார்கள். உறையைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. பிறகு ஸ்டிக்கர் வியாபாரம் ஏன் தழைக்காது?

மலிவாக ஆன்லைனில் கிடைக்கும் மாற்றுப் பாகக் கிட்டிலும் கவனம். ஒரு கம்பெனிக் கார்ட்ரிட்ஜ் இன்னொன்றின் ட்ரிக்கரில் உட்கார்ந்துவிடுவது போலவே இருக்கும், வேலை செய்யாது. ஜாக்கெட் மாடலுக்கு உரிய கிட் மட்டும் வாங்குங்கள்.

எடை போடுவதும் கார்ட்ரிட்ஜ் பார்ப்பதும் ஹம்மர் என்ற இன்னொரு வகை ட்ரிக்கருக்குப் பொருந்தாது. உங்கள் ஐந்தில் ஒன்றிரண்டு அப்படி இருக்கலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மஞ்சள் வட்ட மூடி வெளியே தெரிந்து, குப்பி காற்றுப்பைக்கு உள்ளே உருண்டால் அது ஹம்மர். நனைந்தால் வெடிக்காது, சுமார் 10 சென்டிமீட்டர் ஆழத்துத் தண்ணீர் அழுத்தம் வேண்டும். முன்தளத்தில் அலை அடித்து நனைபவருக்கு இதைக் கொடுங்கள், சாரலில் வீணாக உப்பாது. ஆயுள் 5 ஆண்டு. காலாவதித் தேதி மூடியிலேயே இருக்கும். மூடியில் நிலையைக் காட்டும் அடையாளம் பச்சையாக இருக்க வேண்டும். எடை பார்க்கிறேன் என்று இதைக் கழற்றாதீர்கள். அதற்குத் தனிச் சாவி உண்டு, சரியாக மூடாவிட்டால் காற்று கசியும். பைக்கு வெளியிலிருந்து பிடித்துப் பார்த்தாலே குப்பி ஆடுகிறதா என்று தெரியும். ஆடினால் விவரம் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

இனி காற்றுப்பை. பம்பு வைத்து ஊதுகுழாய் வழியாக நிரப்புங்கள். வாயால் ஊதினால் ஈரம் உள்ளே தங்கும். ஒரு நாள் முழுக்க விட்டு, தளர்ந்திருக்கிறதா என்று அமுக்கிப் பாருங்கள். காற்றை வெளியேற்ற, குழாயின் மூடியைத் தலைகீழாக வைத்து வால்வை அழுத்துங்கள். பென்சிலோ ஸ்க்ரூடிரைவரோ வேண்டாம். மூடியை அப்படியே தலைகீழாக விட்டுவிட்டு மடிப்பவர்கள் உண்டு. வால்வு திறந்தே கிடக்கும், கடலில் உப்பிய காற்று அந்த வழியே போய்விடும்.

திரும்ப மாட்டும்போது கார்ட்ரிட்ஜ் முதலில், சிலிண்டர் கடைசியில், கை பலத்துக்கு இறுக்கமாக. படகு அதிர அதிரக் குப்பி தானாகத் தளரும். தளர்ந்தால் ஊசி சரியாகப் பாயாது, பாய்ந்தாலும் வாயு பக்கவாட்டில் வீணாகும். பயணத்தில் தினமும் காலையில் உறைக்கு மேலிருந்தே ஒரு திருகு திருகிப் பார்த்துவிடுங்கள்.

கரையிலேயே ஆளுக்கு ஒன்றை அணிவித்து, பெயர் எழுதிக் கொடுங்கள். இடுப்பு வாருக்குள் ஒரு கை முட்டி நுழைய வேண்டும், அதற்கு மேல் தளரக் கூடாது. கால்களுக்கு இடையில் போகும் வாரைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் தண்ணீரில் ஜாக்கெட் மட்டும் மேலே ஏறி முகத்தை மூடும், ஆள் அடியில் இருப்பார்.

உடலைப் படகோடு பிணைக்கும் வாரையும் பாருங்கள். 1979 ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். அவர்களில் சிலரைக் கைவிட்டது இந்த வார்தான். நீளம் 2 மீட்டரைத் தாண்டக் கூடாது. வண்ணத் தையல் பிரிந்திருந்தால் ஏற்கெனவே பெரிய இழுப்பு வாங்கிய வார், மாற்றுங்கள். கொக்கியைப் படகின் ஓரத்துப் பாதுகாப்புக் கம்பியில் மாட்டாமல், இதற்கென்றே தளத்தின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிய ஜாக்லைன் வாரிலோ போல்ட் போட்ட வளையத்திலோ மாட்டச் சொல்லுங்கள்.

விமானத்தில் வரும் நண்பர் தம் ஜாக்கெட்டைக் கொண்டுவந்தால், குப்பிக்கு விமான நிறுவனத்தின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். அந்தக் கடிதத்தை அச்சிட்டு ஜாக்கெட்டோடே வைக்கச் சொல்லுங்கள். விதி அனுமதித்தாலும் எக்ஸ்ரே மேசையில் இருப்பவர் அதைப் படித்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. குப்பியைப் பறிகொடுத்தவர் வெறும் உறையோடு வந்து நிற்பார். அந்த மாடலுக்குச் சரியான மாற்றுக் குப்பி ஒன்றைப் படகில் முன்பே வாங்கி வையுங்கள்.