கூடாரமும் துளை விழுந்த வெண்கலமும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நானும் கணவரும் இங்கிலாந்தில் ரெடிங் நகரில் வசிக்கிறோம். மகள் போன செப்டம்பரில் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். அவள் பிறந்த பிறகு முதன்முறையாக நாங்கள் இருவர் மட்டும் ஒரு வாரம் வெளியே கிளம்புகிறோம். ஜூனிலா ஆகஸ்டிலா என்று இன்னும் முடிவாகவில்லை. டென்ட் வாங்கியாகிவிட்டது. வயல்வெளிகளில் நடந்துகொண்டு, திறந்தவெளிச் சிற்பங்களைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சுற்ற வேண்டும் என்பது என் ஆசை. அவர் எக்ஸெல்லில் திட்டமே போட்டுவிட்டார். யார்க்‌ஷயர் சிற்பப் பூங்கா, கேட்ஸ்ஹெட்டில் 'வடக்கின் தேவதை', கிரைஸ்டேல் காடு, கிராஸ்பி கடற்கரையின் இரும்பு மனிதர்கள். கிட்டத்தட்ட ஒவ்வோர் இரவும் வேறு வேறு ஊரில் டென்ட். "அவ்வளவு தூரம் போய்விட்டு எதையாவது விட்டுவிட்டு வருவதா?" என்கிறார்.

இன்னொரு விஷயம். எங்கள் இருவருக்குமே நவீன சிற்பம் புரியாது. ஹென்றி மூர் என்றால் படுத்திருக்கும் பெண், நடுவில் ஒரு ஓட்டை, அவ்வளவுதான் தெரியும். நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை. நீங்கள் இங்கே இருந்த காலத்தில் மனைவியுடன் இப்படிப் போயிருப்பதாக எழுதியிருந்தீர்கள். எப்படிப் போவது, எப்படிப் பார்ப்பது என்று சொல்ல முடியுமா? மழை பெய்தால் டென்டுக்குள் சமைக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

கா.

அன்புள்ள கா,

உங்கள் கணவரின் பட்டியலில் உள்ள நான்குமே நல்ல இடங்கள். சிக்கல் கூடாரத்தில்தான் இருக்கிறது. கூடாரம் அடிப்பது பெரிய வேலை இல்லை. இரவெல்லாம் நனைந்த கூடாரத்தைக் காலையில் சுருட்டிக் காரில் திணித்து, மாலையில் இன்னோர் ஊரில் விரித்து, அந்த ஈரத்துக்குள்ளேயே படுப்பதுதான் பெரிய வேலை. இதை இரண்டு நாள் செய்தால் மூன்றாம் நாள் சிற்பமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், ஓட்டல் அறை கிடைத்தால் போதும் என்றிருக்கும். ஆகவே இரண்டு இடங்களை வெட்டிவிடுங்கள்.

முதலில் வெட்ட வேண்டியது தேவதையை. ஆண்டனி கோர்ம்லியின் அந்த எஃகுச் சிற்பம் 1998இல் நிறுவப்பட்டது. உயரம் 20 மீட்டர், இறக்கையின் அகலம் 54 மீட்டர். ஏ1 நெடுஞ்சாலையின் ஓரத்தில், காரிலும் ரயிலிலும் கடந்து போகிறவர்களின் கண்ணில் படும்படி நிற்கிறது. அதன் அழகே அப்படிப் பார்ப்பதில்தான். இறங்கிப் பக்கத்தில் போனாலும் பத்து நிமிடம் போதும். என்றைக்காவது ஸ்காட்லாந்து போவீர்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம். கிராஸ்பியும் கோர்ம்லியுடையதுதான். அவருடைய உடலிலிருந்தே அச்செடுத்த நூறு வார்ப்பிரும்பு மனிதர்கள் கடலைப் பார்த்தபடி நிற்கிறார்கள். கடல் ஏறும்போது பலர் மூழ்கிவிடுவார்கள், இறங்கும்போது மறுபடி வெளியே வருவார்கள். அந்தத் தண்ணீர்க் கணக்கைப் பார்த்துப் போக வேண்டிய இடம் அது. அவசர அவசரமாகப் போனால் தலைகள் மட்டும்தான் தெரியும். கிராஸ்பி லிவர்பூலுக்குப் பக்கத்தில்தான், அதற்கென்று தனியாக ஒரு வார இறுதி வையுங்கள்.

மிச்சம் யார்க்‌ஷயரும் கிரைஸ்டேலும். தற்செயலாக இரண்டிலும் 1977ஆம் ஆண்டில்தான் சிற்பங்கள் வைக்கத் தொடங்கினார்கள். ஆனால் இரண்டும் நேரெதிர் மனநிலை கொண்டவை. அதனால்தான் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்கச் சொல்கிறேன்.

யார்க்‌ஷயர் பூங்கா எம்1 சாலையின் 38ஆம் சந்திப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரெடிங்கிலிருந்து ஒரு பகல் பயணம். பிரெட்டன் ஹால் என்ற பழைய பிரபுவின் மாளிகையைச் சுற்றியுள்ள 500 ஏக்கர் நிலம். அந்த மாளிகையில் நடந்த கல்லூரியில் விரிவுரையாளராக இருந்த பீட்டர் மர்ரி என்பவர் தொடங்கியது. உள்ளே இரவு தங்க முடியாது, மாலையில் மூடிவிடுவார்கள். சுற்றியுள்ள பண்ணை ஏதாவது ஒன்றில் கூடாரத்துக்கு இடம் பிடித்து இரண்டு இரவு தங்குங்கள். இரண்டு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதல் நாள் பார்த்ததையே மறுநாள் வேறு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

அங்கே புல்சரிவில் ஆங்கிலச் சிற்பி பார்பரா ஹெப்வர்த்தின் 'மனிதக் குடும்பம்' நிற்கிறது. 1970இல் செய்தது, ஒன்பது வெண்கல உருவங்கள். உருவம் என்றால் கை, கால், மூக்கு என்று தேடாதீர்கள். சதுரமும் செவ்வகமுமான கட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, இடையிடையே துளைகளோடு நிற்கும், பெரும்பாலும் ஆளைவிட உயரமாக. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். சிறுமி, இளைஞன், மணமகள், மணமகன், பெற்றோர் இருவர், மூதாதையர் இருவர், கடைசியாக 'இறுதி வடிவம்'. இதைச் செய்யும்போது ஹெப்வர்த்துக்கு 67 வயது. மணமகளையும் மணமகனையும் தாண்டிப் பெற்றோர் இருவரின் அருகே போய் நில்லுங்கள். மகளைப் படிக்க அனுப்பிவிட்டுக் கிளம்பியிருக்கும் உங்கள் இருவருக்கும் அங்கே ஏதாவது தோன்றும். என்ன தோன்ற வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை.

நவீன சிற்பம் புரியாது என்கிறீர்கள். அதை ஒரு விடுகதையாக எடுத்துக்கொள்வதால் வரும் தொல்லை இது. ஹெப்வர்த் பிறந்தது 1903இல், பூங்காவுக்குப் பக்கத்து ஊரான வேக்ஃபீல்டில். அப்பா மாவட்டச் சாலைகளைக் கவனித்த பொறியாளர். சிறுமியாக அவருடைய காரில் உட்கார்ந்து அந்த மேடுபள்ளங்களில் ஏறி இறங்கியபோதே மலையும் சாலையும் சிற்பமாகத் தெரிந்தன என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். மூர் அவரைவிட ஐந்து ஆண்டு மூத்தவர், காஸில்ஃபோர்டில் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். இருவரும் லீட்ஸ் ஓவியப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். அந்தத் துளைகள் எதற்கு என்றால், பின்னால் இருக்கும் மலை உள்ளே வருவதற்கு. நீங்கள் ஒரு அடி நகர்ந்தால் துளைக்குள் மரம் வரும், இன்னொரு அடி வைத்தால் வானம் வரும். நின்ற இடத்திலிருந்து செல்போனில் படம் பிடித்தால் இதில் ஒன்றும் கிடைக்காது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு சிற்பம் போதும். ஒவ்வொன்றையும் ஒருமுறை ஒட்டி, ஒருமுறை தூரத்தில் என்று சுற்றி வாருங்கள். மழை வந்தால் ஓடாதீர்கள். நனைந்த வெண்கலம் கறுத்துப் போய் வேறு பொருளாகிவிடும், அதையும் பாருங்கள்.

மூரின் பெரிய வெண்கலங்களுக்கு நடுவே ஆடுகள் மேயும். இது தோட்டக்காரரின் கவனக்குறைவு இல்லை. மூருக்கு ஆடுகள் பிடிக்கும். தன் சிற்பங்களுக்கு ஏற்ற அளவு என்று நினைத்தார். மாடும் குதிரையும் பக்கத்தில் நின்றால் சிற்பத்தைச் சின்னதாக்கிவிடும்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்ற உங்கள் கணவரின் கேள்விக்கு ஒரு சின்னத் தகவல். களிமண்ணில் மாதிரி செய்து கொடுத்து வேறு ஆட்களைக் கொண்டு கல்லில் நகலெடுப்பதுதான் ஐரோப்பாவில் அப்போதைய வழக்கம். அதை விட்டுவிட்டு, கலைஞனே உளியை எடுத்து நேராகக் கல்லில் செதுக்குவதை இங்கிலாந்தில் மீண்டும் கொண்டுவந்தவர்களில் எரிக் கில் ஒருவர். மூரும் ஹெப்வர்த்தும் அந்த வழியில் வந்தவர்கள். அந்த கில், கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி தேர்ந்தெடுத்து 1914இல் வெளியிட்ட இந்தியச் சிற்பப் படத்தொகுப்புக்கு முன்னுரை எழுதியிருக்கிறார். குமாரசுவாமி கொழும்பில் பிறந்தவர், தந்தை வழியில் ஈழத் தமிழர். ஆகவே நாம் அவ்வளவு தூரத்து உறவு இல்லை. மாமல்லபுரம் பார்த்த கண் இதற்குப் போதும்.

அப்புறம் கிரைஸ்டேல். மீதி நாட்கள் முழுவதையும் இங்கே கொடுங்கள். ஏரி மாவட்டத்தில், கோனிஸ்டன் ஏரிக்கும் விண்டர்மியருக்கும் நடுவே உள்ள காடு. கலைஞர்களை அழைத்துச் சில மாதங்கள் அங்கேயே தங்கவைத்து, அங்கே கிடைக்கும் மரத்தையும் கல்லையும் கொண்டே செய்யச் சொன்னார்கள். மரத்தில் செய்தவை மக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். யார்க்‌ஷயரில் சிற்பம் காத்துக்கொண்டு நிற்கும், இங்கே நீங்கள்தான் தேடிப் போக வேண்டும். நானும் மனைவியும் ஒரு மாலை முழுக்க, பாசி படர்ந்து கிடந்த ஒரு மரக்குவியலைச் சுற்றி வந்து அது சிற்பமா விழுந்த மரமா என்று வாதாடினோம். அவள் சிற்பம் என்றாள், நான் இல்லை என்றேன். இன்றுவரை தீர்ப்பு வரவில்லை. சிலருக்கு இந்த இடம் ஏமாற்றமாக இருக்கும். எனக்கு யார்க்‌ஷயரைவிட இதுதான் பிடிக்கும்.

இங்கே சிற்பி ஆண்டி கோல்ட்ஸ்வர்தி 1990இல் கட்டிய சுவர் ஒன்று மரங்களுக்கு இடையே வளைந்து நெளிந்து ஓடுகிறது. 'சுவரை நடக்க அழைத்துப் போவது' என்று அதற்குப் பெயர். அதைப் பார்க்கும் முன் ஒரு நாள் சும்மா வயல்களில் நடந்து, அந்த ஊரின் சாதாரணச் சுவர்களைப் பார்த்துவிடுங்கள். சாந்து கிடையாது, வெறும் கல். இரு பக்கமும் பெரிய கற்களை அடுக்கி, நடுவில் சில்லுக் கற்களை அடைத்து, இடையிடையே இரு பக்கத்தையும் கோக்கும் நீளக் கல் ஒன்றை வைப்பார்கள். ஆட்டை மறிப்பதற்கான சுவர் ஆட்டை மறிக்காமல் மரத்தைச் சுற்றிக்கொண்டு போவதன் வேடிக்கை, சாதாரணச் சுவரைப் பார்த்தவர்களுக்குத்தான் உறைக்கும்.

சுவரைப் பற்றி இன்னொரு கதை, உங்கள் கணவருக்குப் பிடிக்கலாம். இரண்டாம் உலகப் போரில் கிரைஸ்டேல் மாளிகை ஜெர்மன் அதிகாரிகளுக்கான கைதி முகாமாக இருந்தது. 1940 அக்டோபரில், பகல் நடைக்குக் கூட்டிப் போனபோது ஃபிரான்ஸ் ஃபான் வெர்ரா என்ற விமானி இப்படி ஒரு கற்சுவரைத் தாண்டிக் குதித்துத் தப்பினார். சில நாளில் பிடித்துவிட்டார்கள். பிறகு கனடாவுக்கு அனுப்பினார்கள், அங்கிருந்தும் தப்பிவிட்டார். அந்த மாளிகையை 1957இல் இடித்தாயிற்று.

நடப்பதற்கு, அந்நாட்டு நில அளவைத் துறையான ஆர்டனன்ஸ் சர்வேயின் வரைபடத்தில் 1:25,000 அளவுள்ளதை வாங்குங்கள். பச்சைக் கோடுகளாகத் தெரிபவை பொதுப் பாதைகள். மஞ்சள் அம்பு போட்ட பாதை தனியார் வயலின் நடுவே போனாலும் நடக்க உங்களுக்கு உரிமை உண்டு. கதவு திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியும் விட்டுவிட்டுப் போங்கள். கன்றோடு நிற்கும் பசுக்களைக் கண்டால் நன்றாக ஒதுங்கிப் போங்கள். உங்கள் கணவருக்கு வேகமாக நடக்கப் பிடிக்கும் என்று ஊகிக்கிறேன். நடக்கட்டும். ஜோடியாகப் போகிறோம் என்பதற்காக ஒரே வேகத்தில் நடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவர் மேட்டில் ஏறி இறங்கி வரட்டும், நீங்கள் ஒரு சிற்பத்தின் எதிரே உட்கார்ந்திருங்கள். மதியம் சந்தித்து யார் எதைப் பார்த்தார்கள் என்று பேசிக்கொள்ளலாம். ஒரு வாரம் முழுக்க ஒட்டிக்கொண்டே திரிவதுதான் சண்டையில் முடியும்.

உங்களுக்குப் பள்ளி விடுமுறைக் கணக்கு இனி இல்லை. ஆகஸ்டை விட்டுவிட்டு ஜூனில் போங்கள். கூட்டமும் குறைவு, ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைய ஒன்பதே முக்கால் ஆகும். இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் காட்டுக்குள் ஒரு நடை போய்வர வெளிச்சம் இருக்கும். மிட்ஜ் என்ற பொடிக்கொசு கடிக்கும், முழுக்கை சட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ட இடத்தில் கூடாரம் அடித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஸ்காட்லாந்தில் அதற்குச் சட்டமே இடம் தருகிறது. இங்கிலாந்தில் டார்ட்மூரின் சில பகுதிகளைத் தவிர மற்ற இடங்களில் நிலச் சொந்தக்காரரின் அனுமதி வேண்டும். முகாம் திடலில் இடம் தேர்ந்தெடுக்கும்போது பள்ளத்தையும் மரத்தடியையும் தவிருங்கள். மழை நின்ற பிறகும் மரம் ஒரு மணி நேரம் சொட்டிக்கொண்டிருக்கும். விலை உயர்ந்த தூக்கப் பையைவிட நல்ல பாய் முக்கியம், குளிர் தரையிலிருந்துதான் ஏறும்.

கடைசியாகச் சமையல். கூடாரத்துக்குள் அடுப்பு கூடவே கூடாது, மழையானாலும், வாசல் திறந்திருந்தாலும். நெருப்புப் பிடிக்கும் என்பது ஒரு பக்கம். வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு இன்னொரு பக்கம். அணைந்துவிட்டதே என்று பார்பெக்யூத் தட்டை உள்ளே எடுத்து வைத்துத் தூங்கியவர்கள் அந்த நாட்டில் செத்திருக்கிறார்கள். முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள், மறுநாளும் தாங்கும். மழை இல்லாத வேளையில் வெளியே உப்புமா கிண்டிக்கொள்ளலாம். விடாமல் பெய்தால் பக்கத்துக் கிராமத்துப் பப்பில் போய்ச் சூடாக ஒரு சூப் குடியுங்கள். நடந்து நனைந்து வருகிறவர்களை அங்கே தினமும் பார்க்கிறார்கள். பூட்ஸை மட்டும் வாசலில் கழற்றிவிடுங்கள்.