கோடைக்கு முன்பே காட்டுத்தீ விழிப்புணர்வு ஏன்?

காட்டுத்தீ விழிப்புணர்வு என்பது, காடு எளிதில் பற்றும் பருவம் தொடங்குமுன், அடிவாரத்தில் வாழ்வோரிடமும் காட்டுக்குள் செல்வோரிடமும் தீ எப்படித் தொடங்குகிறது என்று எடுத்துச் சொல்லி, அதைத் தொடக்கத்திலேயே தடுப்பதாகும்.

திருநெல்வேலிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையில் தழைக்கும் புல், மாசி, பங்குனியில் காய்ந்து சருகோடு சேர்ந்து எரிபொருளாகிவிடுகிறது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய சரிவுகளில் அப்போது அணைக்காமல் வீசிய ஒரு பீடித்துண்டே போதும். அது சருகுக்கடியில் கனன்றுகொண்டிருந்து, ஆள் போன பிறகு காற்று வீசியதும் பற்றிக்கொள்ளும். அனல் மேலெழுந்து மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதால், மலையில் தீ மேல்நோக்கி மிக விரைவாக ஏறும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் தீயில் சிக்கி உயிரிழந்ததும் இதே பருவத்தில்தான்.

வைக்கோல் படப்பு போட்டவர் அதன் அருகே எவரையும் தீக்குச்சி உரச விடமாட்டார். காட்டுக்கும் அத்தகைய காவல் வேண்டும். அதை அடிவார ஊர்க்காரர்களால்தான் தர முடியும். புதுப்புல் துளிர்க்கட்டும் என்று தீ வைக்கும் மேய்ப்பரிடம் வெறுமனே தண்டனையைச் சொன்னால் போதாது. மரக்கன்றுகள் கருகி, மூடாக்கு இழந்த மண் அடுத்த மழையில் அரித்துத் தாமிரபரணிக்கு வந்துசேரும் என்பதைப் பொறுமையாக விளக்க வேண்டும்.

மூங்கில் உரசியோ வெயில் கொளுத்தியோதான் காடு எரிகிறது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் நம் நாட்டுக் காட்டுத்தீயில் பெரும்பகுதி மனிதரின் கவனக்குறைவாலோ, வேண்டுமென்றே வைப்பதாலோ தொடங்குகிறது.